இரண்டு நோட்டுகள்: வெளிநாட்டில் 9 மாதத் தன்னார்வப் பணி, ஒரு மதிப்புரை

தணிக்கை அலுவலகங்களில் 16 ஆண்டுகள் கணக்குப் பார்த்தவள் நான். சென்ற ஆண்டு நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு, வேறொரு நாட்டில் இயங்கும் ஒரு சிறு தொண்டு நிறுவனத்தின் கணக்குப் பிரிவை வலுப்படுத்துவதற்காக 9 மாதம் தன்னார்வலராகப் போய்வந்தேன். என்னைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது தன்னார்வலர்களை அனுப்புவதையே முழுநேர வேலையாகக் கொண்ட ஓர் அமைப்பு. அதன் சேவை எப்படி இருந்தது என்பதைத்தான் எழுதுகிறேன். பெயர் போடவில்லை. எனக்கு ஏற்பட்ட சிரமங்களுக்குப் பொறுப்பானவர்களில் பாதிப் பேர் இப்போது அங்கே இல்லை. தவிர, வேறு அமைப்புகள் வழியாகப் போய்வந்த என் நண்பர்கள் மூவரும் ஏறக்குறைய இதே கதையைத்தான் சொல்கிறார்கள்.

முதலில் ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டில் தன்னார்வப் பணி என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சரக்குகள் விற்பனையாகின்றன. ஒன்றில் நாம் பணம் கட்டி இரண்டு வாரம் போகிறோம், பள்ளிச் சுவருக்கு வர்ணம் அடிக்கிறோம், பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். மற்றதில் அவர்கள் நம்மைச் சோதித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். பயணச் செலவு, காப்பீடு, தங்குமிடம், மாதப் படி எல்லாம் கொடுத்து, பதிலுக்கு நம் தொழிலறிவைக் கேட்கிறார்கள். நான் போனது இரண்டாவது வகையில். முதல் வகையில், குழந்தைகள் இல்லங்களுக்கு ஆள் அனுப்புகிறவர்கள் பக்கமே தயவுசெய்து போகாதீர்கள். வந்துபோகிறவர்கள் தரும் பணத்துக்காகவே பெற்றோர் உள்ள பிள்ளைகளை இல்லத்தில் சேர்ப்பது பல நாடுகளில் நடந்திருக்கிறது. 2018இல் ஆஸ்திரேலியா நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்தபோது இதையும் அடிமைமுறையின் ஒரு வடிவமாகவே எண்ணியது.

இரண்டாவது வகை நேற்று முளைத்ததல்ல. பிரிட்டனில் வி.எஸ்.ஓ. என்ற தன்னார்வலர் அமைப்பு 1958இல் தொடங்கியது. அமெரிக்க அரசின் தன்னார்வலர் அமைப்பான பீஸ் கோர் 1961, ஜப்பானின் வெளிநாட்டுத் தன்னார்வலர் திட்டம் 1965, ஐ.நா. தன்னார்வலர் திட்டம் 1970. வி.எஸ்.ஓ. முதலில் அனுப்பியது பள்ளிப் படிப்பை முடித்த 18 வயதுப் பிள்ளைகளை. இன்று இத்தகைய அமைப்புகள் செவிலியர், பொறியாளர், கணக்காளர் என்று அனுபவம் உள்ளவர்களைத் தேடுகின்றன. ஐ.நா. திட்டத்தில் சர்வதேச நிபுணர் பிரிவில் சேரக் குறைந்தது 27 வயதாகியிருக்க வேண்டும். அதனால் நாற்பதை நெருங்கிவிட்டோமே என்று தயங்குகிறவர்கள் தயங்க வேண்டியதில்லை. உங்களைத்தான் தேடுகிறார்கள்.

தேர்வுமுறைக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். விண்ணப்பம், தொலைபேசி நேர்காணல், பிறகு ஒரு முழு நாள் குழுப் பயிற்சி. என் கணக்கியல் அறிவைப் பற்றி அரை மணி நேரம்தான் கேட்டார்கள். மீதி நேரம் முழுக்க நான் எப்படிப்பட்ட ஆள் என்று பார்த்தார்கள். "நீங்கள் கற்றுக்கொடுத்த வேலையை ஒருவர் வேறு விதமாகச் செய்கிறார், விடையும் சரியாக வருகிறது. என்ன செய்வீர்கள்?" என்று ஓர் அம்மையார் கேட்டார். அப்போது நான் சொன்ன பதில் நினைவில் இல்லை. கேள்வி மட்டும் 9 மாதமும் கூடவே இருந்தது. காவல்துறைச் சான்று, மருத்துவப் பரிசோதனை, முன்னாள் மேலாளர்கள் இருவரிடம் விசாரணை என்று எதையும் விடவில்லை. தடுப்பூசிப் பட்டியலைக்கூட நாள் குறித்து அனுப்பினார்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்று, ஊசி போட்டுக்கொண்ட 10 நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும் என்பது எனக்குத் தெரியாது. அவர்கள் சொல்லாமல் விட்டிருந்தால் விமான நிலையத்தில் நின்றிருப்பேன். (2016 ஜூலையிலிருந்து அந்தச் சான்று ஆயுள் முழுவதும் செல்லும். பழையது வைத்திருப்பவர்கள் பத்திரப்படுத்துங்கள்.)

புறப்படும் முன் 5 நாள் பயிற்சி. பாதுகாப்பு, குழந்தைகளிடம் நடந்துகொள்ளும் முறை, வேறொரு பண்பாட்டில் வேலை செய்வது ஆகியவற்றை நன்றாகவே நடத்தினார்கள். ஆனால் நான் போகப்போகும் நிறுவனத்தைப் பற்றி ஒரு மணி நேரம்கூட இல்லை. அதன் கடைசித் தணிக்கை அறிக்கையை மூன்று முறை கேட்டேன். விமானம் ஏறுவதற்கு முந்தின இரவு வந்து சேர்ந்தது. கணக்குப் பார்க்கப் போகிறவளுக்கு அந்த அறிக்கைதான் முதல் பாடம். அதை ஒரு மாதம் முன்பே கொடுத்திருந்தால், முதல் வாரத்தில் நான் செய்த பெரிய தவறைத் தவிர்த்திருப்பேன் என்றே நினைக்கிறேன்.

பணி விவரத்தில் எழுதியிருந்தது இது: "நவீனக் கணக்கியல் மென்பொருளை நிறுவி, ஊழியர்களுக்குப் பயிற்சி அளித்தல்."

அந்த நிறுவனத்தில் மொத்தம் 7 பேர். எழுந்து நடக்க முடியாதவர்களின் வீடுகளுக்கே போய் பிசியோதெரபி கொடுப்பார்கள். பழுதான சக்கர நாற்காலிகளைச் சரிசெய்து கொடுப்பார்கள். இரண்டு அறை அலுவலகம். ஒன்றில் பாதி இடத்தைக் கழற்றிப் போட்ட சக்கரங்கள் அடைத்துக்கொண்டிருக்கும். கணக்குப் பார்ப்பவர் ஒரே ஒருவர், முப்பது வயதுப் பெண். எங்கள் இருவருக்கும் பொது மொழி அரைகுறை ஆங்கிலம். முதல் நாள் நான் மென்பொருளைப் பற்றிப் பேச்செடுத்ததும் அவர் எழுந்து மூலையில் இருந்த கணினியைப் போட்டுக் காட்டினார். அதில் ஏற்கனவே ஒரு மென்பொருள் இருந்தது. திறந்தால் உரிமக் குறியீட்டைக் கேட்கும் ஒரு கட்டம் மட்டும் வந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் எனக்கு முன்னால் வந்த தன்னார்வலர் நிறுவியது. அவர் திரும்பிப்போன சில மாதங்களில் உரிமம் காலாவதியாகிவிட்டது. புதுப்பிக்கப் பணம் எந்தத் திட்டத்திலும் ஒதுக்கப்படவில்லை. ஓராண்டுக் கணக்கு முழுவதும் அந்தக் கட்டத்துக்குப் பின்னால் பூட்டிக் கிடந்தது.

இந்தச் செய்தி, என்னை அனுப்பிய அமைப்பின் கோப்பில் எங்குமே இல்லை. முன்னவர் எழுதிக்கொடுத்த இறுதி அறிக்கையில் "மென்பொருள் வெற்றிகரமாக நிறுவப்பட்டது, 4 பேருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது" என்று இருக்கிறது. அதைப் படித்துத்தான் என் பணி விவரத்தையும் எழுதியிருக்கிறார்கள். அந்த அறிக்கையில் பொய் எதுவும் இல்லை. அவர் போன பிறகு என்ன ஆனது என்று யாரும் ஒரு தொலைபேசி அழைப்பில்கூடக் கேட்கவில்லை, அவ்வளவுதான். என்னைக் கேட்டால், இந்தச் சேவையின் மிகப் பெரிய குறை இதுதான்.

மென்பொருள் நின்ற பிறகு அந்தப் பெண் கணக்கை எப்படி நடத்தினார்? மேசை இழுப்பறையிலிருந்து இரண்டு நோட்டுகளை எடுத்து வைத்தார். முதலாவது ரொக்க ஏடு. வரவு, செலவு, வவுச்சர் எண், நாள் என்று அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது. இரண்டாவதைப் புரட்டியதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது ஒரு திட்டத்தின் பணத்தை இன்னொரு திட்டத்துக்கு மாற்றிக்கொண்ட பதிவு.

தொண்டு நிறுவனக் கணக்கில் பழகியவர்களுக்கு இதன் கனம் தெரியும். ஒரு நன்கொடையாளர் சக்கர நாற்காலிக்கென்று கொடுத்த பணம் சக்கர நாற்காலிக்குத்தான் போக வேண்டும். நான் அந்த இடத்திலேயே "இது தவறு, இதைச் செய்யவே கூடாது" என்று சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. நோட்டை மூடி இழுப்பறைக்குள் வைத்துவிட்டார். பிறகு மூன்று வாரம் அந்த நோட்டை நான் பார்க்கவில்லை. கேட்டால், தேட வேண்டும் என்பார்.

அந்த மூன்று வாரமும் நான் வவுச்சர்களை அடுக்கினேன், அவரோடு வங்கிக்குப் போய் வரிசையில் நின்றேன். ஒரு மாதக் கடைசியில் பிசியோதெரபித் திட்டத்துக்கான மானியத் தவணை வரவில்லை. வீடு வீடாகப் போகும் ஊழியர்கள் இருவருக்கும் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை. நன்கொடையாளரிடமிருந்து, "உங்கள் அறிக்கை பரிசீலனையில் உள்ளது" என்று பதில். அறிக்கை போய் ஏழு வாரம் ஆகியிருந்தது. அன்று மாலை அவரே அந்த நோட்டை எடுத்து என் முன்னால் விரித்துவைத்து, எனக்குத் தெரியும்படி ஒரு வரி எழுதினார்.

அப்போதுதான் அதை ஒழுங்காகப் படித்தேன். ஆறு பத்திகள்: நாள், எந்தத் திட்டத்திலிருந்து, எதற்கு, எவ்வளவு, ஏன், எப்போது திரும்பியது. "ஏன்" என்ற பத்தியில் எல்லாம் முழு வாக்கியங்கள். நிறுவனர் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருந்தார். பணம் திரும்பியதும் சிவப்பு மையில் ஒரு கோடு, அதன் மேல் மறுபடி கையெழுத்து. நான்கு ஆண்டுகளில் 61 பதிவுகள். அவற்றில் 58இன் மேல் சிவப்புக் கோடு விழுந்திருந்தது. மீதி மூன்றும் அந்த ஆண்டினுடையவை. பெரிய நிறுவனங்களின் தணிக்கையில்கூட திட்டங்களுக்கிடையே வாங்கிக்கொள்ளும் உள்கடனுக்கு இவ்வளவு நேர்மையான பதிவை நான் அதிகம் பார்த்ததில்லை. விதியை மீறாமல் இருக்க அவர்களிடம் சேமிப்பு நிதி இல்லை. மீறியதை மறைக்காமல் எழுதிவைக்கும் ஒழுக்கம் இருந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை அசைத்துவிட்டு, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாக விளக்கத் தொடங்கினார். இரவு எட்டு மணி ஆகிவிட்டது.

மென்பொருள் திட்டத்தை அன்றோடு கைவிட்டேன். பணி விவரத்தை மாற்றக் கோரி, என்னை அனுப்பிய அமைப்புக்கு எழுதினேன். இரண்டே நாளில் ஒப்புதல் தந்தார்கள். இதை மனம் நிறைந்து பாராட்டுகிறேன். என் நண்பர் ஒருவருக்கு அவரை அனுப்பிய அமைப்பு இதற்கு மூன்று மாதம் எடுத்துக்கொண்டது.

அதன் பிறகு செய்தது எளிய வேலைதான். இரண்டு நோட்டுகளையும் உரிமம் தேவைப்படாத ஒரு விரிதாளில் நான்கு தாள்களாக மாற்றினோம். விசைப்பலகையில் அவர் உட்கார்ந்தார், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கை விசைப்பலகைக்குப் போகக்கூடாது என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டோம். நான் செய்தால் இரண்டு நாளில் முடியும் வேலை ஐந்து வாரம் ஆனது. நம் ஏட்டில் உள்ள இருப்பையும் வங்கி காட்டும் இருப்பையும் ஒப்பிடும் வங்கிச் சரிகட்டும் பட்டியல் அதுவரை ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கையாளர் வரும்போதுதான் தயாராகும். அதை மாதந்தோறும் ஐந்தாம் தேதிக்குள் முடிக்கப் பழகினோம். காசோலை எழுதுவதும் அதைப் பதிவதும் ஒரே கையில் இருந்தன, தவறு நடந்தால் கண்டுபிடிக்க இன்னொரு கண் இல்லை. ஏழு பேர் உள்ள இடத்தில் இதைப் பிரிப்பது கடினம். சக்கர நாற்காலி பழுதுபார்க்கும் மூத்த ஊழியர் ஒருவர் மாதக் கடைசியில் சில்லறை ரொக்கப் பெட்டியை எண்ணிக் கையெழுத்திட முன்வந்தார். கிரீஸ் படிந்த விரலால் அவர் ஒவ்வொரு பணத்தாளாக எண்ணுவதை நான் தவறாமல் போய்ப் பார்ப்பேன்.

இதில் முக்கியமான வேலை வேறொன்று. தவணை தாமதமானால் ஏன் இவ்வளவு தவிக்கிறார்கள் என்று தேடிப்போனபோது, நிறுவனர் எந்த மானிய விண்ணப்பத்திலும் வாடகை, மின்சாரம், கணக்காளர் சம்பளம் ஆகியவற்றைக் கேட்டதே இல்லை என்று தெரிந்தது. கேட்டால் பேராசை என்று நினைப்பார்கள் என்ற அச்சம். இந்த அச்சம் உலகம் முழுவதும் சிறு தொண்டு நிறுவனங்களை உள்ளிருந்தே அரிக்கிறது. நன்கொடையாளர்களின் சொந்த விதிகளே இதற்கு இடம் தருகின்றன என்று அவருக்குக் காட்டினேன். உதாரணமாக, அமெரிக்க அரசின் மானிய விதிகளில், நிர்வாகச் செலவுக்கென்று அரசோடு தனியாகப் பேசி நிர்ணயித்த விகிதம் இல்லாத நிறுவனங்கள், திட்டத்தின் நேரடிச் செலவில் 10 சதவீதம் வரை நிர்வாகச் செலவாகக் கேட்கலாம் என்று இருந்தது. 2024 அக்டோபரிலிருந்து அது 15 சதவீதம். அவர்களுக்கு அமெரிக்க அரசின் பணம் வரவில்லை என்றாலும், அவ்வளவு பெரிய கொடையாளியே ஒப்புக்கொள்ளும் செலவு இது என்று எடுத்துக்காட்ட முடிந்தது. ஒவ்வொரு திட்டமும் அலுவலகத்தை எவ்வளவு பயன்படுத்துகிறது என்று நேரக் குறிப்பு எழுதிக் கணக்கிட்டோம். இரண்டு நன்கொடையாளர்களிடம் கேட்டோம். ஒருவர் மறுத்தார். ஒருவர் ஒப்புக்கொண்டார். அந்த ஒருவரின் பணத்தில்தான் அவர்கள் வரலாற்றில் முதல்முறையாக ஒரு சிறு சேமிப்பு நிதி உருவானது.

இனிக் குறைகள். அங்கே தன்னார்வலர்களைக் கவனித்துக்கொள்ள வேண்டிய ஒருங்கிணைப்பாளர் பதவி நான் போன இரண்டாம் மாதத்திலிருந்து 11 வாரம் காலியாக இருந்தது. விசா நீட்டிப்புக்கான கடிதத்தைக் கொடுக்க ஆள் இல்லை. நான் மூன்று முறை குடியேற்ற அலுவலகத்துக்கு அலைந்தேன். தன்னார்வப் பணிக்குச் சுற்றுலா விசா செல்லாத நாடுகள் பல உண்டு. அனுமதி முடிந்த நிலையில் ஒரு நாள் வேலை செய்தாலும் சிக்கல் எனக்கு மட்டும் வராது, என்னை வைத்திருக்கும் சிறு நிறுவனத்துக்கும் வரும். அந்த நாட்களில் எனக்கு நன்றாகத் தூக்கம் வரவில்லை. காப்பீடு மட்டும் சொன்னபடி நடந்தது. ஒரு பல் சிகிச்சைக்கான பணம் பத்து நாளில் கைக்கு வந்தது. மாதப் படி சிக்கனமாக வாழப் போதும், சேமிக்க முடியாது. அது அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பக்கத்து மேசைக்காரரின் சம்பளத்தைவிடப் பல மடங்கு வாங்கிக்கொண்டு அவர் அருகில் உட்கார்ந்து சிக்கனம் பேச முடியாது.

ஐந்தாம் மாதம் இடைக்கால மதிப்பீட்டுப் படிவம் வந்தது. "எத்தனை பேருக்குப் பயிற்சி அளித்தீர்கள்?" என்ற கேள்விக்கு 1 என்று எழுதினேன். எண் மிகக் குறைவு, நிதி தருபவர்களுக்குக் காட்ட முடியாது, மற்ற ஊழியர்களுக்கும் ஒரு நாள் பட்டறை நடத்துங்களேன் என்று அனுப்பிய அமைப்பின் அலுவலகத்திலிருந்து அழைத்துச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். பிசியோதெரபிஸ்டுக்கு வங்கிச் சரிகட்டும் பட்டியல் எதற்கு? தன்னார்வலர்களை அனுப்பும் அமைப்புகள் 2019இல் கூடித் தங்களுக்கென ஓர் உலகத் தரநிலை வகுத்தன. திட்ட வடிவமைப்பு, பாதுகாப்புப் பொறுப்பு, தன்னார்வலர் மேலாண்மை, விளைவை அளத்தல் என்று அதில் நான்கு பகுதிகள். என்னை அனுப்பிய அமைப்பின் அலுவலகச் சுவரிலும் அது தொங்கியது. விளைவை அளக்க என்னைக் கேட்டிருந்தால், தணிக்கை நாள் அன்று அந்தப் பெண் யாருடைய துணையும் இல்லாமல் தணிக்கையாளரின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறாரா என்று பார்க்கச் சொல்லியிருப்பேன். அந்த நாள் வருவதற்கு ஆறு வாரம் முன்பே என் காலம் முடிந்துவிட்டது. கணக்குப் பணிக்கு ஆள் அனுப்பும்போது ஒரு நிதியாண்டு முடிவும் ஒரு தணிக்கையும் உள்ளே வருமாறு காலத்தை வகுக்க வேண்டும். நாட்காட்டியைப் பார்த்தாலே தெரிந்திருக்கும் விஷயம் இது.

திரும்பிய பிறகு மாதம் இரண்டு மணி நேரம் காணொளியில் பேசுகிறோம். இது சேவையில் சேராது, நாங்களாக வைத்துக்கொண்டது. ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தில் 2000ஆம் ஆண்டிலிருந்தே இணையவழித் தன்னார்வப் பணிக்கு ஏற்பாடு உண்டு. ஆகவே போய்வந்த இடத்தோடு ஓராண்டு தொடர்பு வைத்திருப்பதை ஒப்பந்தத்திலேயே சேர்ப்பது பெரிய காரியம் அல்ல. தணிக்கை ஒரு நாள் முன்னதாகவே முடிந்துவிட்டது. உள்கடன் தாளில் இப்போது ஏழு பத்திகள் இருக்கின்றன. நன்கொடையாளருக்கு அறிக்கை அனுப்பிய நாளுக்கும் தவணை வந்த நாளுக்கும் இடைப்பட்ட நாட்களை அவரே கணக்கிட்டு எழுதிவருகிறார். அதைக் காட்டித்தான் நிறுவனர் இந்த ஆண்டு ஒரு நன்கொடையாளரிடம் முன்பணம் கேட்டிருக்கிறார்.

போகலாமா என்று கேட்பவர்களுக்கு: போகலாம். கணக்கு, மனிதவளம், கணினி, நிதி திரட்டல் என எதிலாவது பத்தாண்டு உழைத்திருந்து, ஒரே ஆளுக்குப் பக்கத்தில் மாதக்கணக்கில் பொறுமையாக உட்காரவும் முடிந்தால் கட்டாயம் போங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அனுப்பும் அமைப்பிடம் சிலவற்றைக் கேளுங்கள். பணி விவரத்தை எழுதியவர் யார், அங்கே அந்த வேலையைச் செய்கிறவரிடம் பேசினார்களா, எனக்கு முன்னால் போனவர் விட்டுவந்தது இப்போது என்ன நிலையில் இருக்கிறது, ஒருங்கிணைப்பாளர் பதவியில் இன்று ஆள் இருக்கிறாரா? கடைசித் தணிக்கை அறிக்கையையும் கையோடு வாங்கிவிடுங்கள்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். தேர்வுக்கும் காப்பீட்டுக்கும் பணி விவரத்தை மாற்ற உடனே ஒப்புக்கொண்டதற்கும் சேர்த்து அது. என் இறுதி அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் அந்தப் பெண்ணின் அலுவலகத் தொலைபேசி எண்ணை எழுதி, அடுத்த ஆளை அனுப்பும் முன் இவரிடம் ஒருமுறை பேசுங்கள் என்று குறிப்பிட்டிருக்கிறேன். யாராவது அழைத்தார்களா என்று போன மாதம் அவரிடம் கேட்டேன். இன்னும் இல்லை என்றார்.